மரம் அறுக்கும் செயினும் உருட்டு அரமும்

மளிகைக் கடைக்காரருக்கும் மரம் அறுக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று நமது உறுப்பினர்களில் சிலர் கேட்கலாம். கிராமத்து மளிகைக் கடை பருப்பும் புளியும் மட்டும் விற்கிற இடம் அல்ல என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆணி, கயிறு, அரிவாள், மண்வெட்டிக் காம்பு என்று ஊருக்கு வேண்டிய சாமான்கள் ஒரு மூலையில் இருந்தே தீரும். அந்த மூலையில் சில ஆண்டுகளாக மெஷின் செயின் பாக்கெட்டுகளும் தொங்கத் தொடங்கிவிட்டன.

2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயல் கடலூர், பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையை லட்சக்கணக்கில் வீழ்த்திவிட்டுப் போனது. கோடரியும் ரம்பமும் வைத்து அவ்வளவு மரத்தை அகற்ற ஆளுக்கு எங்கே போவது? மெஷின் ஊர் ஊராக வந்தது. புயல் வேலை முடிந்த பிறகும் ஊரிலேயே தங்கிவிட்டது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் சீமைக் கருவேலத்தை இதனால் அறுக்கிறார்கள். சவுக்குத் தோப்பிலும் இதுதான் ஓடுகிறது.

விற்பனை பெருகியது நல்லதே. கூடவே ஒரு புகாரும் பெருகியிருக்கிறது. "முதலாளி, நீங்க குடுத்த செயின் டூப்ளிகேட்டுங்க. மூணு நாள்கூட தாங்கலை" என்று வாடிக்கையாளர் செயினைக் கொண்டுவந்து கல்லாவில் போடுகிறார். நாம் இரும்புச் சாமான் மொத்த வியாபாரத்தில் இருப்பதால் இந்தச் செயின்கள் சில்லறைக் கடைகள் வழியாக நம்மிடம் திரும்பி வருகின்றன. கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் பெரும்பாலானவற்றில் செயினுக்கு ஒரு குறையும் இருப்பதில்லை. பல் மழுங்கியிருக்கும், அல்லது அதைவிட மோசமாக, தவறாகக் கூர் பிடித்துக் கெடுக்கப்பட்டிருக்கும். செயினை விற்ற கடைக்காரர் அதற்குப் பொருத்தமான அரத்தையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டு வார்த்தை சொல்லியும் அனுப்பியிருந்தால் அந்தச் செயின் திரும்பி வந்திருக்காது. அந்த இரண்டு வார்த்தை என்ன என்பதை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் பல்லின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். நமது பழைய ரம்பத்தின் பல் முக்கோணமாக இருக்கும். அதை முக்கோண அரத்தால் ராவுவார்கள். மெஷின் செயின் வந்த ஆரம்ப காலத்தில் அதன் பல்லும் ஏறக்குறைய ரம்பப் பல் போலத்தான் இருந்தது. மரத்தைச் சுரண்டும், சீக்கிரம் மழுங்கும். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர் மரவெட்டு வேலையில் இருந்தார். 1946-இல் ஒரு வண்டின் புழு கெட்டியான மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துக் குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். அதன் வாய் அமைப்பைப் பார்த்து, இடப்பக்கம் ஒரு பல், வலப்பக்கம் ஒரு பல் என்று மாற்றி மாற்றி வைத்த செயினைச் செய்தார். 1947-இல் கம்பெனியும் தொடங்கினார். இன்று நம் கடையில் தொங்கும் செயின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பல்லின் அடிப்படை அந்தப் புழுவின் வாய்தான்.

இந்தப் பல்லை முன்னாலிருந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட ஆங்கில எழுத்து 'எல்' போலத் தெரியும். பக்கத்தில் ஒரு நிமிர்ந்த தகடு, மேலே ஒரு படுத்த தகடு. பக்கத் தகடு மரத்தின் நாரை அறுக்கிறது. மேல் தகடு உளி போலச் சீவி எடுக்கிறது. இரண்டும் சேரும் மூலைதான் முதலில் மரத்தில் படுகிறது. அந்த மூலை போனால் செயின் போயிற்று. பல்லுக்கு முன்னால் ஒரு சிறிய மேடு உண்டு. கம்பெனிப் புத்தகத்தில் டெப்த் கேஜ் என்று போட்டிருக்கும். நாம் முன்மேடு என்று சொல்லிக்கொள்வோம். பல் எவ்வளவு ஆழம் மரத்துக்குள் இறங்கலாம் என்று அளந்து விடுவது அதன் வேலை. இதைப்பற்றிப் பின்னால் சொல்லுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மேல் தகட்டின் அடிப்புறம் வளைவாக இருப்பதால் அரமும் உருட்டு அரமாகத்தான் இருக்க வேண்டும். ரம்பத்துக்குப் பழகிய வாடிக்கையாளர் முக்கோண அரம் கேட்டால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. உருட்டு அரத்திலும் கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பது பயன்படாது. சாதாரண உருட்டு அரம் நுனியை நோக்கிக் கூம்பி இருக்கும். செயினுக்கு உரிய அரம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே கனமாக இருக்கும்.

அளவு விஷயத்தில்தான் நம் வியாபாரிகள் பலர் தடுமாறுகிறார்கள். கணக்கு எளியது. செயினில் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை, நடுவிலிருந்து நடுவுக்கு, அளந்து இரண்டால் வகுத்தால் வருவது பிட்ச். மூன்று ரிவெட்டின் தூரம் சுமார் 16.5 மி.மீ. இருந்தால் அது 0.325 அங்குலச் செயின். சந்தையில் அதிகம் ஓடும் 58 சி.சி. சீன மெஷின்களில் பெரும்பாலும் இதுதான். இதற்கு 4.8 மி.மீ. அரம், அதாவது 3/16 அங்குலம். ஆசாரிமார் கணக்கில் ஒன்றரை நூல். தூரம் சுமார் 18.6 மி.மீ. வந்தால் அது 3/8 செயின். இதில் இரண்டு ஜாதி உண்டு. சிறு மெஷினுக்கும் பாட்டரி மெஷினுக்கும் வருகிற, பல் தாழ்ந்த செயினுக்கு 4 மி.மீ., அதாவது 5/32 அங்குலம். பெரிய மெஷினுக்கு வருகிற பருத்த பல் செயினுக்குக் கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. இன்னும் பெரிய 0.404 செயினுக்கு 5.5. பெட்டியின் மேலேயே பெரும்பாலும் அரத்தின் அளவு அச்சிட்டிருக்கும். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை அதைப் படித்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை.

அளவு மாறினால் என்ன ஆகும்? அரம் சிறுத்தால் பல்லின் அடியைக் குடைந்து கொக்கி போல ஆக்கிவிடும். அறுக்கும்போது முதலில் ஜோராக இருக்கும். விளிம்பு மெலிந்துபோனதால் அரை மணியில் மழுங்கிவிடும். அரம் பருத்தால் விளிம்பு பின்னோக்கிச் சரிந்து மொண்ணையாகும். அப்படிப்பட்ட பல் மரத்தைக் கடிக்காது, தேய்க்கும். இரண்டிலும் பழி செயின் விற்றவர் தலையில்தான்.

செயின் மழுங்கிவிட்டது என்பதை எப்படி அறிவது? அறுபட்டு விழுவதைப் பார்த்தால் போதும். சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவாக விழுந்தால் இல்லை. மெஷினை அழுத்தினால்தான் இறங்குகிறது, புகை வருகிறது என்றால் அப்போதே நிறுத்திவிட வேண்டும். மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டுவதால் செயின் சூடேறி நீளுகிறது, பட்டை தேய்கிறது, பெட்ரோல் வீண், ஆளின் இடுப்பும் வீண். பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியும். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. மழுங்கிய விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மினுங்கும். அந்தக் கோடு மறையும்வரை ராவ வேண்டும்.

இனி ராவும் முறை. மெஷினை நிறுத்தி, பிளக் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். பாட்டரி மெஷின் என்றால் பாட்டரியைக் கழற்ற வேண்டும். கையுறை அவசியம். செயின் ஓடும் பட்டையை வைஸில் கடிக்க வைக்கலாம். தோப்பில் வைஸ் ஏது என்றால், வெட்டிய அடிமரத்தில் கோடரியால் ஒரு பிளவு போட்டு அதில் பட்டையைச் செருகிக்கொள்கிறார்கள், அதுவும் போதும். செயின் தொய்வாக இருந்தால் முதலில் இறுக்கிவிட வேண்டும். ஆடுகிற பல்லில் அரம் நிற்காது. ராவும்போது செயின் பிரேக்கைப் போட்டு, அடுத்த பல்லுக்கு நகர்த்தும்போது எடுத்துவிட வேண்டும்.

அரத்துக்குக் கட்டாயம் கைப்பிடி போட வேண்டும். கைப்பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் ஏறும். இருபது ரூபாயில் முடிகிற காரியத்துக்கு ஆஸ்பத்திரி வாசல் ஏற வேண்டாம்.

பல்லின் மேல் தகட்டில் பெரும்பாலும் ஒரு சாய்வுக் கோடு வெட்டியிருக்கும். பொதுவாக 30 டிகிரி. அரம் அந்தக் கோட்டுக்கு நேராகப் போக வேண்டும். மேலும் கீழும் சாயாமல் கிடையாகப் போக வேண்டும். சில செயின்களுக்குக் கைப்பிடியைப் 10 டிகிரி தாழ்த்திப் பிடிக்கச் சொல்லிப் பெட்டியில் படம் போட்டிருப்பார்கள். போட்டிருந்தால் அப்படிச் செய்யலாம், இல்லையென்றால் கிடைதான். அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேல் தகட்டுக்கு மேலே தெரியுமாறு பிடிக்க வேண்டும். கை நடுங்குகிறவர்களுக்கு அரத்தின் மேல் மாட்டுகிற தகடு வழிகாட்டி ஒன்று விற்பனையில் உண்டு. கோணமும் உயரமும் தானே அமையும். புதிதாக மெஷின் வாங்குகிறவருக்கு அதைச் சிபாரிசு செய்யலாம்.

பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ள வேண்டும். தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்ப்பதுதான் நம் ஊரில் பெரிய கெட்ட பழக்கம். அது பல்லையும் கெடுக்கும், அரத்தின் பல்லையும் உதிர்க்கும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். வலப்பக்கப் பற்களை எல்லாம் முடித்துவிட்டு, மறுபுறம் போய் நின்று இடப்பக்கத்தை முடிக்க வேண்டும். வலது கைக்காரருக்கு ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் இளைத்தும் விழுவது இயற்கை. இளைத்த பக்கத்துக்கு ஒரு தள்ளு கூடுதலாகப் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒருபக்கப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் ஆகி, மெஷின் நேராக அறுக்காமல் வளைந்து போகும். "மெஷின் வளைஞ்சு ஓடுது" என்று வருகிறவருக்குப் புதுப் பட்டை விற்பதற்கு முன் பற்களின் நீளத்தைப் பார்ப்பது நியாயமான வியாபாரம். எல்லாவற்றிலும் குட்டையான பல் எதுவோ, அந்த நீளத்துக்கு மற்றவற்றைக் கொண்டுவர வேண்டும்.

இதெல்லாம் பெரிய வேலை என்று நினைக்க வேண்டாம். 72 கண்ணி உள்ள செயினில் பொதுவாக 36 பல். பல்லுக்கு மூன்று என்றால் 108 தள்ளு. பழகிய கைக்கு ஒரு டீ ஆறும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் பல்லுக்கு இரண்டு தள்ளு போட்டுவிடுகிறவரின் செயின், மழுங்கித் தீர்ந்த பிறகு பத்து தள்ளு போடுகிறவருடையதைவிட நீண்ட நாள் உழைக்கும்.

முன்மேட்டுக்கு வருவோம். பல்லின் மேல் தகடு பின்னோக்கிச் சரிந்திருக்கிறது. ராவ ராவப் பல் பின்வாங்குவதால் அதன் உயரமும் சிறிது சிறிதாகக் குறையும். முன்மேடு அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் பல் கூராக இருந்தும் மரத்தில் இறங்காது. எனவே மூன்று, நான்கு முறை ராவியபின் முன்மேட்டையும் தட்டை அரத்தால் சற்றுத் தாழ்த்த வேண்டும். எவ்வளவு? நம் செயின்கள் பலவற்றுக்கும் பல்லைவிட 0.65 மி.மீ., அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு, தாழ்ந்திருந்தால் போதும். ஏ.டி.எம். அட்டையின் கனம் 0.76 மி.மீ.; அதைவிடச் சற்றுக் குறைவு. இதைக் கண் மதிப்பில் செய்யக் கூடாது. இதற்கென்று சிறு அளவுத் தகடு உண்டு. அதைச் செயின்மேல் வைத்து, துளைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் ராவிவிட்டு, முன் மூலையை முன்பிருந்தது போல் உருட்டிவிட வேண்டும்.

சிலர் "மேட்டை எடுத்துட்டா மெஷின் வேகமா அறுக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே மூச்சில் மழித்துவிடுகிறார்கள். வேகமாக அறுப்பதும் உண்மைதான், சிறிது நேரம். பல் அளவுக்கு மீறிக் கடித்து மெஷின் குதிக்கும். பட்டை நுனியின் மேற்பாதி மரத்திலோ கிளையிலோ பட்டால் மெஷின் ஆளை நோக்கி எகிறும். எகிறுவது கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும். அந்த நேரத்தில் பட்டை இருப்பது முகம், கழுத்து, தோள்பட்டைக்கு நேரே. எந்தச் செயினும் நுனி பட்டால் எகிறக்கூடியதே. முன்மேடு மழிக்கப்பட்ட செயின் அதிகமாக எகிறும். முன்மேடு மழித்த செயின் நம் கடைக்கு வந்தால் அதற்குக் கூர் பிடித்துக் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.

கிரைண்டர் பற்றி. டவுனில் சில பட்டறைகளில் நான்கு அங்குல வெட்டுக்கல் போட்ட கைக் கிரைண்டரால் செயினைத் தீட்டிக் கொடுக்கிறார்கள். தீப்பொறி பறக்கும், ஐந்து நிமிடத்தில் வேலை முடியும், வாடிக்கையாளருக்கும் திருப்தி. அந்தக் கல்லுக்குப் பல்லின் வளைவு தெரியாது. மேலே ஒரு சாய்வு வெட்டிவிட்டு விடும். அதோடு சூடு. பல்லின் விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் போயிற்று என்று பொருள். பின்பு அந்த இடம் மெதுவாகி உடனே மழுங்கலாம். அல்லது கண்ணாடி போல் இறுகி, அரம் வைத்தால் வழுக்கலாம். நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் ராவி எடுத்தால்தான் பல் மீளும். திரும்பி வரும் செயின்களில் இந்த நீலத்தை நாம் அடிக்கடி பார்க்கிறோம்.

செயினுக்கென்றே செய்த மேசைக் கிரைண்டர் வேறு. அதில் செயினைப் பிடிக்கும் தாடையும் கோணம் வைக்கும் அளவுகோலும் இருக்கும். ஆணியிலோ கல்லிலோ அடித்துப் பல் சிதைந்த செயின், நீளம் தாறுமாறாகப் போன செயின் இவற்றுக்கு அது நல்லது. தினம் பத்து செயின் வருகிற கடைக்குப் போட்ட முதல் திரும்பும். சிறு பல் செயினுக்கு 3.2 மி.மீ. கல், பருத்த 3/8-க்கும் 0.404-க்கும் 4.7 மி.மீ. கல். ஒரே அழுத்தாக அழுத்தாமல் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். கல்லின் முகம் மழுங்கி எண்ணெய் ஏறினால்தான் சூடு அதிகமாகும். அவ்வப்போது ஒப்பனைக் கல்லால் முகத்தைப் புதுப்பித்து வளைவையும் சரிசெய்துகொள்ள வேண்டும். சூடேறிய பல்லைத் தண்ணீரில் முக்கக் கூடாது. கண்ணாடி போடாமல் கிரைண்டர் முன் நிற்கக் கூடாது என்பதைப் பையன்களுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அப்படித் தீட்டிய செயினையும் தோப்புக்குக் கொண்டுபோன பிறகு அரத்தால்தான் பராமரிக்க வேண்டும். எங்கே கரண்டு?

தென்னை அறுக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. தென்னையின் உள்பாகம் மெத்தென்று இருந்தாலும் வெளிச்சுற்று மிகவும் கெட்டி. பல்லைச் சீக்கிரம் தின்னும். விழுந்து கிடக்கும் மரம் என்றால் பட்டையில் மண் ஒட்டியிருக்கும். ஓடும் செயின் ஒரு நொடி மணலைத் தொட்டால் காலையில் பிடித்த கூர் அத்தனையும் போய்விடும். அடியில் கட்டை கொடுத்து மரத்தைத் தூக்கிக்கொண்டு, மண்ணைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு அறுக்கச் சொல்ல வேண்டும். சீமைக் கருவேலத்தைத் தரையோடு தரையாக அறுக்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான். இவர்களுக்கு இரண்டு செயின் விற்பது தப்பில்லை. ஒன்று மழுங்கினால் மாற்றிக்கொண்டு, மாலையில் வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் நிதானமாக ராவலாம்.

ராவி ராவிப் பல்லின் நீளம் 4 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால், அல்லது மேல் தகட்டிலுள்ள தேய்மானக் குறி வரை வந்துவிட்டால், செயினைத் தள்ளிவிட வேண்டியதுதான். அதற்குமேல் ஓட்டினால் பல் தெறிக்கும்.

கடையில் சரக்கு வைக்கும் விதம். முதலில் 4.8 மி.மீ. அரம், அடுத்து 4 மி.மீ.; 5.2, 5.5 இரண்டையும் பெரிய மெஷின் உள்ள ஊரில் மட்டும் கொஞ்சம். கூடவே தட்டை அரம், முன்மேட்டு அளவுத் தகடு, மரக் கைப்பிடி. அரங்களை டப்பாவில் மொத்தமாகக் கொட்டி வைக்கும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. ஒன்றோடொன்று உரசி, விற்பதற்கு முன்பே அவை மழுங்கிவிடுகின்றன. உறையோடு தனித்தனியாக நிற்க வைக்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்குத் துரு ஏறும். அதற்காக எண்ணெய் பூசினால் ராவும்போது தூள் ஒட்டி அரத்தின் கண் அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் வைப்பதே சரி. வாங்கிப் போகிறவரிடம் அரத்தின்மேல் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளவும், அடைத்தால் கம்பி பிரஷ்ஷால் தட்டவும் சொல்லலாம். பளபளப்பாகி வழுக்கத் தொடங்கிய அரத்தை ஆணி பிடுங்கவோ நெம்பவோ எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அரத்து இரும்பு வளையாது. ஒடிந்து கண்ணுக்குத் தெறிக்கும்.